திரைக்குள் ஒரு திரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உளவுப் படம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறைக் காட்சிக்குக் கணினித் திரைகளை வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. எல்லாத் திரைகளிலும் எண்களும் வரைபடங்களும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் இயக்குநர். நம்பும்படி அமைப்பது எப்படி?
– வாசகர், சாலிகிராமம்

பதில்: மென்பொருளைத் திறப்பதற்கு முன், அந்தத் திரை எத்தனை விநாடி தெரியப்போகிறது, அதற்குள் பார்வையாளர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற இரண்டையும் இயக்குநரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக மென்பொருளை ஒருவர் நாள் முழுவதும் பயன்படுத்துகிறார். படத்தில் வரும் திரையையோ மக்கள் ஓரிரு விநாடிகள், அதுவும் பெரும்பாலும் நடிகரின் தோளுக்கு மேலாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே கதை சொல்லும் திரையில் ஒன்றே ஒன்று மட்டும் அசையட்டும். இயக்குநர் கேட்கும் ஓட்டத்தைப் பின்வரிசைத் திரைகளில் மங்கிய நிறத்தில் வைத்துவிடலாம்.

நம்பிக்கையைத் தருபவை சிறு விவரங்களே. சென்னைத் துறைமுகத்தில் நாயகன் ஒரு கண்டெய்னரைத் தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கண்டெய்னர் எண்ணில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம், அதற்கு முன்னுள்ளவற்றைக் கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கணக்கையும் போட்டுச் சரியாகவே எழுதுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் அட்சரேகை 13 பாகையையும் தீர்க்கரேகை 80 பாகையையும் ஒட்டி இருக்க வேண்டும். திரையில் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண், வந்தால் அதன் நான்கு பகுதிகளில் எதுவும் 255ஐத் தாண்டாது. வேறு யாருடைய முகவரியோ தவறிக்கூட வந்துவிடாதிருக்க, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ள 192.0.2 எனத் தொடங்கும் வரிசையைப் பயன்படுத்துங்கள். 2003இல் வெளியான 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் கணினிக்குள் ஊடுருவும் காட்சியில் கணினி வலையமைப்புகளை ஆராயப் பயன்படும் என்மேப் என்ற உண்மையான மென்பொருள் கருவியே திரையில் ஓடுகிறது. அதை அறியாதவர்களுக்கும் கதை புரிந்தது. அறிந்தவர்களுக்குப் படத்தின் மீது மதிப்புக் கூடியது. நாம் நாட வேண்டியதும் அதுதான்.

கேள்வி: திரைக் காட்சிகளைப் படப்பிடிப்பிலேயே ஓடவிடுவதா, பச்சைத் திரை வைத்துப் பிறகு சேர்ப்பதா?
– வாசகி, வடபழனி

பதில்: இயன்றவரை படப்பிடிப்பிலேயே ஓடவிடுங்கள் என்பேன். திரையின் ஒளி நடிகரின் முகத்தில் விழும். அவருடைய பார்வையும் சரியான இடத்தில் நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் அடுத்த கட்டம் வரும்படி அமைத்துக் கொடுத்தால், நடிகர் கவலையின்றி வசனத்தில் மனம் செலுத்துவார். கேமரா விநாடிக்கு 24 பிரேம்கள் பதிவு செய்யும்போது மானிட்டர் 60 முறை புதுப்பித்துக்கொள்வதால் அசைவுகள் துள்ளித் தெரியக்கூடும். மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்தால் சில வகைகளில் படம் மினுக்கும். எனவே வெளிச்சத்தைக் கூட்டியே வைத்து, வடிவமைப்பின் நிறங்களைக் கருமையாக்குங்கள். மிக மெல்லிய கோடுகளை நெருக்கமாக அடுக்கினால் கேமராவில் அலையலையாகத் தோன்றும். இவற்றையெல்லாம் ஒளிப்பதிவாளருடன் முன்கூட்டியே சோதித்துவிடுவது நல்லது. முடிவாகாத விவரம் உள்ள திரைக்கு மட்டும் பச்சைத் திரை போதும்.

கேள்வி: திரையில் தமிழ் எழுத்துகளைக் காட்டலாமா?
– வாசகர், கோடம்பாக்கம்

பதில்: தாராளமாகக் காட்டலாம். தமிழ்நாட்டுக் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறை என்றால் தமிழ் இல்லாமலிருப்பதுதான் உறுத்தும். இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில மென்பொருள்களில் 'கொ' போன்ற எழுத்துகள் சிதறிவிடும்; படப்பிடிப்புக்கு அனுப்புமுன் ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள்.