சர்வர் மென்பொருளை எந்த ஃபோல்டரில் போடுவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் உபுண்டு சர்வரில் நூலகப் பணிக்குக் கோஹாவும், ஆய்வேடுகளையும் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களையும் வைக்க டிஸ்பேஸும் நிறுவ வேண்டும். முன்பு இங்கே படித்த மாணவர் ஒருவர் டிஸ்பேஸைத் தன் ஹோம் ஃபோல்டரிலேயே போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புதிதாகப் போடும்போது /ஆப்ட் என்கிறார் ஒருவர், /யூஎஸ்ஆர்/லோக்கல் என்கிறார் இன்னொருவர். எது சரி, அண்ணாச்சி?

பதில்: உங்கள் இரண்டு மென்பொருளுக்கும் ஒரே பதில் கிடையாது. இடத்தை முடிவு செய்யும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நாளைக்கு இதை அப்டேட் செய்யப்போவது உபுண்டுவின் பேக்கேஜ் மேலாளரான ஏபிடியா, நீங்களா? அது தெளிவானால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கோஹாவை அப்டேட் செய்வது ஏபிடி. கோஹா சமூகமே டெபியன், உபுண்டுக்கான பேக்கேஜ்களைத் தன் ரெப்பாசிட்டரியில் (இணையக் கிடங்கில்) தருகிறது. அதைச் சேர்த்து கோஹா-காமன் பேக்கேஜை நிறுவினால் நிரல் /யூஎஸ்ஆர்/ஷேர்/கோஹாவுக்கும், அமைப்புகள் /ஈடிசி/கோஹாவுக்கும், தேடல் இண்டெக்ஸ் /வார்/லிப்/கோஹாவுக்கும், லாக் /வார்/லாக்/கோஹாவுக்கும் தானாகப் போய்ச் சேரும். நீங்கள் இடம் தேடவே வேண்டாம். இந்தப் பிரிவினைக்குப் பின்னால் லினக்ஸில் எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எச்எஸ் என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. முதல் வடிவம் 1994-இல் வந்தது, 3.0 பதிப்பு 2015-இல். அதன்படி /யூஎஸ்ஆர் பேக்கேஜ் மேலாளரின் இடம், /யூஎஸ்ஆர்/லோக்கல் மட்டும் விலக்கு. அவசரத்துக்கு ஏதோ ஒரு ஃபைலை அங்கே கையால் திருத்தினால், அடுத்த அப்டேட் கேட்காமலே அதை அழித்து எழுதிவிடும். /ஈடிசியில் உள்ள அமைப்பு ஃபைலைத் திருத்தினால் அப்படி இல்லை; பொதுவாக உங்களைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றும்.

டிஸ்பேஸ் கதை வேறு. உபுண்டுவில் அதற்குப் பேக்கேஜ் இல்லை. மூல நிரலை (சோர்ஸ்) இறக்கி, மேவன் என்ற கருவியில் பில்ட் செய்து, ஆன்ட் என்ற கருவி கொண்டு நிறுவ வேண்டும். அப்டேட்டும் உங்கள் தலையில்தான். இங்கேதான் உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு இடங்களும் வருகின்றன. இரண்டுமே உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜ்கள் கை வைக்காத இடங்கள். ஆனால் /யூஎஸ்ஆர்/லோக்கலில் ஒரு மென்பொருளின் ஃபைல்கள் பின், லிப், ஷேர் என்று பல ஃபோல்டர்களில் பிரிந்து போகும். இரண்டு வருஷம் கழித்து நீக்க நினைத்தால் எது எதனுடையது என்று தெரியாது. /ஆப்டில் ஒரு மென்பொருளுக்கு ஒரு ஃபோல்டர்; அதை நீக்கினால் நிரல் முழுவதும் போய்விடும். டிஸ்பேஸ் போன்ற பெரிய சர்வர் மென்பொருளுக்கு நான் /ஆப்டையே சொல்வேன். நீங்களே எழுதும் பேக்கப் ஸ்கிரிப்ட் மாதிரி சின்ன விஷயங்களுக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல் பொருத்தம்.

டிஸ்பேஸுக்குத் தேவையான சோலார் தேடுபொறியின் நிறுவல் ஸ்கிரிப்ட் செய்வதை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். நிரலைப் பதிப்பு எண்ணுடன் /ஆப்டில் விரிக்கும். /ஆப்ட்/சோலார் என்ற சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டருக்கு வழிகாட்டும் இணைப்பு) அதைச் சுட்டும். தரவு தனியாக /வார்/சோலாரில் போகும். நிரல் ஒரு பக்கம், தரவு ஒரு பக்கம். புதுப் பதிப்பு சரியில்லையென்றால் சிம்லிங்கைப் பழையதுக்குத் திருப்ப முடியும்.

டிஸ்பேஸிலும் இந்தப் பிரிவு முக்கியம். நீங்கள் ஏற்றும் பிடிஎஃப் எல்லாம் அசெட்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் சேரும்; சும்மா விட்டால் அது நிரலோடு ஒரே ஃபோல்டரில் இருக்கும். அமைப்பில் ஒரு வரியை மாற்றி அதை /எஸ்ஆர்வி/டிஸ்பேஸுக்குக் கொண்டுபோங்கள். மற்றவர்களுக்குப் பரிமாறும் தரவுக்கென்றே உள்ள இடம் /எஸ்ஆர்வி. இன்னொன்று: டிஸ்க்கைத் தேவைக்கேற்ப வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம் முறையில், உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் 1 டிபி டிஸ்க்கைக் கொடுத்தாலும் ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதிக்கு) சுமார் 100 ஜிபிதான் ஒதுக்கும். மீதி யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடக்கும். அதிலிருந்து /எஸ்ஆர்விக்குத் தனி வால்யூம் எடுங்கள். ஸ்கேன் ஃபைல்கள் பெருகி ரூட் நிரம்பினால் கோஹாவின் டேட்டாபேஸும் சேர்ந்து நின்றுவிடும்; புத்தகம் கொடுக்க முடியாமல் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஹோம் ஃபோல்டர் ஏன் கூடாது என்றால், உபுண்டு 21.04 முதல் புதிய கணக்குகளின் ஹோமை மற்றவர்கள் படிக்க முடியாது. வெப் சர்வருக்கும் அனுமதி கிடைக்காது. உடனே யாராவது 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடச் சொல்வார்கள்; தயவுசெய்து போடாதீர்கள். அந்த மாணவரின் கணக்கை ஹோமோடு சேர்த்து யாராவது நீக்கினால் டிஸ்பேஸும் கூடவே போய்விடும். அதனால் இடம் மாற்றும் வரை அந்தக் கணக்கைப் பூட்டி மட்டும் வையுங்கள், நீக்காதீர்கள்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: லாகின் இல்லாத ஒரு சிஸ்டம் பயனரை டிஸ்பேஸுக்கு உருவாக்குங்கள். டிஸ்பேஸை ஓட்டும் டாம்கேட் சர்வரை ஏபிடி வழியாகப் போட்டிருந்தால், அதன் சர்வீஸ் சில ஃபோல்டர்களில்தான் எழுத முடியும். டிஸ்பேஸ் ஃபோல்டரையும் அசெட்ஸ்டோரையும் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் அமைப்பில் எழுதும் இடங்களாகச் சேர்க்க வேண்டும். அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் எழுத முடியவில்லை என்ற பிழை வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் பேக்கப். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி நெல்லை ஜங்ஷன் பகுதியில் தரைத்தளமெல்லாம் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். சர்வர் போனாலும் நிரலை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தரவை எங்கிருந்து இறக்குவது? இடங்களை மேலே சொன்னபடி பிரித்திருந்தால் எடுத்துவைக்க வேண்டிய பட்டியல் சின்னது: /ஈடிசி, /எஸ்ஆர்வி, டிஸ்பேஸின் கான்ஃபிக் ஃபோல்டர், டிஸ்பேஸின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டம்ப் (தரவை முழுதாக எழுதி எடுத்த ஃபைல்), கோஹாவின் டம்ப். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் செல்லாது; டம்ப்தான் எடுக்க வேண்டும். கோஹா தன் டம்பைத் தினமும் /வார்/ஸ்பூல்/கோஹாவில் வைக்கும். ஆனால் பழையதைத் தானே அழித்துவிடும். இருப்பதும் அதே டிஸ்க். எனவே ஒவ்வொரு நாளும் வேறு கட்டடத்தில், மாடியில் உள்ள ஒரு கணினிக்கு அதை அனுப்புங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கே கோஹா-ரீஸ்டோர் கட்டளையை ஓட்டி, உறுப்பினர் பட்டியல் முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.