ஸ்டேக் அன்வைண்டர் பேட்ச்: ரிவ்யூ செய்பவர்களின் கேள்விகள்

கெர்னல் ஏதாவது பிழையில் சிக்கி நிற்கும்போது, எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்று பின்னோக்கிப் படித்துச் சொல்வது ஸ்டேக் அன்வைண்டரின் வேலை. ஒவ்வொரு ஃபங்ஷனும் ஸ்டேக் என்ற நினைவகப் பகுதியில் தனக்கென எடுத்துக்கொள்ளும் துண்டு ஃபிரேம். அதைக் காட்டும் ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) ஃபிரேம் பாயின்டர். வேலை முடிந்ததும் திரும்ப வேண்டிய இடம் ரிட்டர்ன் அட்ரஸ். லினக்ஸ் கெர்னலில் அந்தப் பகுதிக்கு வரும் பேட்ச்களை (கோட் மாற்றங்களை) படிக்கத் தொடங்கியிருக்கும் சிலர் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

ஃபிரேம் பாயின்டரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவதுதானே வேலை? எல்லா பிராசசருக்கும் பொதுவாக ஒரே லூப் போதாதா?

லூப் பொதுவாக இருக்கலாம், அது நல்லதும்கூட. ஆனால் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குத் தாவும் அந்த ஒரு அடி ஒவ்வொரு பிராசசருக்கும் வேறு.

64 பிட் எக்ஸ்86-இல் ஆர்பிபி (அதன் ஃபிரேம் பாயின்டர்) காட்டும் இடத்தில் பழைய ஆர்பிபி இருக்கும். 8 பைட் மேலே ரிட்டர்ன் அட்ரஸ். ஆர்ம்64-இலும் இதே அமைப்புதான்: எக்ஸ்29 (ஃபிரேம் பாயின்டர்) காட்டும் இடத்தில் பழைய எக்ஸ்29, 8 பைட் மேலே ரிட்டர்ன் அட்ரஸை வைத்திருக்கும் எக்ஸ்30-இன் பிரதி. இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு ரிஸ்க்-ஃபைவும் இப்படித்தான் என்று எழுதினால் அங்கேயே பிழை. அதில் ஃபிரேம் பாயின்டர் ஃபிரேமின் மேல்விளிம்பைக் காட்டும். ரிட்டர்ன் அட்ரஸ் 8 பைட் கீழே, பழைய பாயின்டர் 16 பைட் கீழே. 64 பிட் பவர்பிசி இன்னும் வேறு. ஆர்1 (ஸ்டேக் பாயின்டர்) காட்டும் இடத்தில் முந்தைய ஃபிரேமின் முகவரி இருக்கும். ஆனால் ஒரு ஃபங்ஷன் தன் ரிட்டர்ன் அட்ரஸைத் தன்னை அழைத்தவரின் ஃபிரேமில் போய்ச் சேமிக்கும். இதைக் கவனிக்காமல் எழுதினால் பட்டியல் ஒரு படி நகர்ந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மிப்ஸில் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததைக் காட்டும் இந்தச் சங்கிலியே கிடையாது. ஃபங்ஷனின் தொடக்கக் கட்டளைகளைப் படித்து, ஸ்டேக் எவ்வளவு இறங்கியது, ரிட்டர்ன் அட்ரஸ் எங்கே வைக்கப்பட்டது என்று கெர்னலே கண்டுபிடிக்கிறது.

இதனால்தான் ஃபிரேமின் படம் ஒன்றைக் கமென்ட்டில் வரைந்து தரும்படி பேட்ச் எழுதியவரிடம் எப்போதும் கேட்கிறேன். ஆர்ம்64-இல் பாயின்டர் ஆத்தென்டிகேஷன் (முகவரி மாற்றப்படவில்லை என்று கையொப்பமிட்டுச் சரிபார்க்கும் வசதி) இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: சேமித்த முகவரியின் மேல் பிட்களில் இருக்கும் கையொப்பம் எந்த வரியில் நீக்கப்படுகிறது? முகவரியை எதோடும் ஒப்பிடுவதற்கு முன்பே அது நடந்தாக வேண்டும்.

ஃபிரேம் பாயின்டரா, அட்டவணையா? எது மேல்?

எக்ஸ்86-க்கு அட்டவணை, அதாவது கோடின் எந்த இடத்தில் ரிட்டர்ன் அட்ரஸ் ஸ்டேக்கில் எங்கே இருக்கும் என்ற பட்டியல். 2017-இல் கெர்னல் 4.14-இல் வந்த ஆர்க் (ORC) அன்வைண்டருக்காக, பில்ட் நேரத்தில் ஆப்ஜ்டூல் என்ற கருவி கட்டளைகளைப் படித்து அட்டவணை தயாரிக்கிறது. ஃபிரேம் பாயின்டரை வைத்திருந்தால் சில வேலைகளில் 5 முதல் 10 சதவீதம் வரை வேகம் குறைவதாக அளந்திருக்கிறார்கள். அட்டவணைக்குக் கூடுதல் நினைவகம் வேண்டும், பரவாயில்லை. பேட்ச் அசெம்ப்ளி கோடைத் தொட்டிருந்தால் அதிலுள்ள அன்வைண்ட் குறிப்புகளைத்தான் முதலில் படியுங்கள். அங்கே ஆப்ஜ்டூல் எழுதியவரின் வார்த்தையை அப்படியே நம்புகிறது.

ஆர்ம்64-இல் இன்டரப்ட் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தும் குறுக்கீடு) வந்த இடத்திலிருந்து டிரேஸ் (அழைப்புப் பட்டியல்) எடுத்தால் நடுவில் ஒரு ஃபங்ஷன் காணாமல் போகிறது. அன்வைண்டரில் பிழையா?

பெரும்பாலும் இல்லை. ஒரு சின்னச் சூழலை எடுத்துக்கொள்வோம். 'தாய்' என்ற ஃபங்ஷன் 'மகள்' என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. மகள் வேறு எதையும் அழைப்பதில்லை. அதனால் அவள் ஃபிரேம் எதுவும் போடவில்லை, ரிட்டர்ன் அட்ரஸ் எக்ஸ்30-இல் மட்டும் இருக்கிறது. அப்போது இன்டரப்ட். எக்ஸ்29 இன்னும் தாயின் ஃபிரேமைத்தான் காட்டுகிறது. அந்த ஃபிரேமில் இருக்கும் ரிட்டர்ன் அட்ரஸோ தாயை அழைத்தவருடையது. ஆக, டிரேஸில் மகள் வருவாள், அடுத்து பாட்டி (தாயை அழைத்தவள்) வருவாள், தாய் விடுபட்டுப்போவாள்.

சரி, இன்டரப்ட் நேரத்து எக்ஸ்30-ஐயும் பட்டியலில் சேர்த்துவிடலாமே என்று ஒரு பேட்ச் வரும். இந்தச் சூழலுக்கு அது பலிக்கும். ஆனால் மகள் ஃபிரேம் போட்டு, யாரையோ அழைத்துத் திரும்பிய பிறகு இன்டரப்ட் வந்திருந்தால், எக்ஸ்30-இல் மகளுக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய முகவரி கிடக்கும். அப்போது மகள் இரண்டு முறை தோன்றுவாள். ரெஜிஸ்டர்களை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மனிதர் படிக்கும் டிரேஸுக்கு, 'இது உறுதியில்லை' என்ற அடையாளத்தோடு சேர்த்தால் ஒப்புக்கொள்வேன். லைவ்பேட்சுக்கு (ஓடும் கெர்னலை நிறுத்தாமல் அதன் கோடை மாற்றும் வசதி) போகும் டிரேஸ் என்றால், இந்த எல்லையைத் தொட்டதும் பிழைக்குறி திருப்பி நின்றுவிட வேண்டும். தூங்கும் ஒரு டாஸ்கின் ஸ்டேக்கில் பழைய ஃபங்ஷன் இல்லை என்று நம்பித்தான் லைவ்பேட்ச் அந்த டாஸ்கைப் புதிய கோடுக்கு மாற்றுகிறது. ஒரு பெயர் விடுபட்டால்கூட ஓடும் மெஷினே விழக்கூடும்.

எக்ஸ்86 டிரேஸில் சில பெயர்களுக்கு முன் கேள்விக்குறி வருகிறது. அதை நீக்கும் பேட்சை ஏற்கலாமா?

வேண்டாம். ஸ்டேக்கில் கிடந்தது, ஆனால் சங்கிலியில் சேரவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அன்வைண்டரே தடுமாறும் நாளில் அந்த வரிகள்தான் துப்பு தரும்.

ரிட்டர்ன் அட்ரஸிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெயர் தேடுகிறார்களே, எதற்கு?

திரும்பி வராத ஃபங்ஷனை, உதாரணமாக கெர்னலையே நிறுத்திவிடும் பேனிக்கை, ஒரு ஃபங்ஷன் தன் கடைசிக் கட்டளையாக அழைத்தால், ரிட்டர்ன் அட்ரஸ் அடுத்த ஃபங்ஷனின் முதல் பைட்டாக அமையும். அப்படியே தேடினால் சம்பந்தமில்லாத பெயர் வரும். ஒன்று கழித்தால் அழைப்புக் கட்டளைக்குள் விழுவோம்.

ரிவ்யூவில் பார்க்க வேண்டியது இதன் மறுபக்கம். இன்டரப்ட்டோ ஃபால்ட்டோ நடந்த இடத்தின் முகவரி ரிட்டர்ன் அட்ரஸ் அல்ல. ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே ஃபால்ட் வந்து, அங்கேயும் ஒன்று கழித்தால், முந்தைய ஃபங்ஷன்மேல் பழி விழும். இந்த முகவரி எந்த வகை என்பதை ஒவ்வொரு அடியிலும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

லூப் முடிவில்லாமல் ஓடாது என்பதை எப்படி உறுதிசெய்வது?

ஒரே ஸ்டேக்குக்குள் ஒவ்வொரு அடியிலும் முகவரி கூடியே ஆக வேண்டும். சமமாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) ஸ்டேக், இன்டரப்ட் ஸ்டேக், டாஸ்க் ஸ்டேக் என்று மாறும்போது, விட்டு வந்த ஸ்டேக்குக்குத் திரும்பக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் லூப் முடிந்தே தீரும். (பிஏ-ரிஸ்க்கில் ஸ்டேக் மேல்நோக்கி வளரும். பொதுக் கோடில் 'கூடியே ஆக வேண்டும்' என்று எழுதியிருந்தால் கையை உயர்த்துங்கள்.)

எல்லைச் சோதனையையும் நிதானமாகப் படியுங்கள். 64 பிட் எக்ஸ்86-இல் டாஸ்க் ஸ்டேக் வழக்கமாக 16 கிலோபைட். பாயின்டர் அதன் கடைசி 8 பைட்டில் நின்றால் அது 'உள்ளே' என்ற சோதனையில் தேறிவிடும். அடுத்த 8 பைட்டைப் படிக்கும்போது வெளியே கால் வைத்திருப்போம், அங்கே கார்டு பேஜ் (தொட்டாலே பிழை எழுப்பும் காவல் பக்கம்) இருந்தால் பிழையை அச்சிடும் கோடே பிழையில் விழும். 16 பைட்டும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் கூட்டல் வழிந்தோடாத விதத்தில்.

ஸ்டேக்கைப் படிக்கும் வரிக்குக் கேசான் (நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) சோதனையை அணைத்திருக்கிறார்கள். சரியா?

சரி. அன்வைண்டர் மற்ற ஃபங்ஷன்களின் ஃபிரேம்களைப் படிக்கிறது, பொய் எச்சரிக்கை வரத்தான் செய்யும். அதே காரணத்தால் மேலே சொன்ன எல்லைச் சோதனைக்கு அங்கே வேறு காவல் இல்லை.

பேட்ச் தொடும் பிராசசர் உள்ள ஹார்டுவேர் என்னிடம் இல்லை. நான் ரிவ்யூ செய்யலாமா?

தாராளமாக. கிராஸ் கம்பைலரில் (வேறு பிராசசருக்கான கோடை உருவாக்கும் கம்பைலர்) கட்டி, நான்கைந்து ஃபங்ஷன்களின் தொடக்கத்தை டிஸ்அசெம்பிள் செய்து, பேட்ச் சொல்லும் அமைப்போடு ஒப்பிடுங்கள். அப்புறம் வேறு பிராசசரைப் போல நடிக்கும் கியூஎமுவில் பூட் செய்து, ஃபங்ஷன்கள் அழைக்கப்படுவதையும் திரும்புவதையும் பதியும் ஃபங்ஷன் கிராஃப் டிரேசரை ஓடவிட்டபடி டிரேஸ் எடுங்கள். அந்த டிரேசர் ரிட்டர்ன் அட்ரஸை எடுத்துவிட்டுத் தன் முகவரியை அங்கே வைக்கும். உண்மையான முகவரியை மீட்டெடுக்கும் வழியைப் பேட்ச் மறந்திருந்தால், ஒரே பெயர் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். அந்த வெளியீட்டை அப்படியே உங்கள் பதிலில் ஒட்டி அனுப்புங்கள்.