வீட்டில் செய்யும் கருவிக்கு நேர்த்தியான முன்பேனல்

கேள்வி: நானே செய்த பவர் சப்ளை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முன்பேனலில் மார்க்கரால் எழுதியது அழிந்துவிட்டது. காகிதத்தில் அச்சிட்டு ஒட்டியதும் ஓரம் கிளம்பி அலங்கோலமாகிவிட்டது. கடையில் வாங்கிய கருவியைப் போன்ற பேனலை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் எழுத்தை எப்படி அச்சிடுவது என்று யோசிப்பதற்கு முன் துளைகளைக் கவனியுங்கள். எழுத்து எவ்வளவு அழகாக அமைந்தாலும், ஒரே வரிசையில் நிற்க வேண்டிய குமிழ்களில் ஒன்று அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

பேனலை இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் உண்மை அளவிலேயே வரையுங்கள். துளைகளுக்கும் எழுத்துக்கும் அந்த ஒரே வரைபடம்தான் ஆதாரமாக இருக்க வேண்டும். அதை 100 சதவீத அளவில் அச்சிட்டு, தெரிந்த நீளமுள்ள ஒரு கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். பிறகு தாளை அலுமினியத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்சால் குழி தட்டி, 3 மி.மீ. ட்ரில்லால் துளைத்து, அதை ஸ்டெப் ட்ரில்லால் (படிப்படியாக அகலும் கூம்பு வடிவ ட்ரில்) அகலப்படுத்தினால் துளை இடம் நகராது, வட்டமும் கெடாது. பாகங்களைக் கையில் வைத்து அளந்த பின்பே துளையின் அளவை முடிவு செய்யுங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழால் திருப்பி மாற்றும் மின்தடை) கழுத்து 7 மி.மீ. இருப்பதும் உண்டு, 9.5 மி.மீ. இருப்பதும் உண்டு.

எழுத்துக்கு நான் பரிந்துரைப்பது லேசர் பிரிண்டருக்கென்றே விற்கப்படும் ஒளி ஊடுருவும் பிலிம். (வேறு பிலிம் பிரிண்டருக்குள் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும்.) வரைபடத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டால் டோனர் (லேசர் பிரிண்டரின் அச்சுப்பொடி) பிலிமின் பின்பக்கத்தில் அமையும், விரல் படுவது பிளாஸ்டிக்கின் மீதுதான் என்பதால் எழுத்து தேயாது. மீட்டர் தெரிய வேண்டிய இடத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, பின்பக்கம் முழுவதும் வெளிர் நிற ஸ்ப்ரே பெயிண்ட் அடியுங்கள். முதல் பூச்சு மிக மெல்லியதாக, தூரத்திலிருந்து தூவியதுபோல் விழ வேண்டும். ஈரமாக விழுந்தால் பெயிண்டில் உள்ள கரைப்பான் டோனரைக் கலைத்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் இருபக்க ஒட்டுத்தாளால் தகட்டில் ஒட்டி, துளைகளின் விளிம்பையே வழிகாட்டியாகக் கொண்டு கூரிய கத்தியால் பிலிமை வெட்டுங்கள். நட்டு முறுக்கும்போது பிலிம் கிழியாதிருக்க அடியில் பிளாஸ்டிக் வாஷர் போடுவது அவசியம்.

ஒரே எழுத்துருவும் இரண்டு அளவுகளும் போதும். குமிழைப் பிடிக்கும் கை மறைக்காதபடி பெயரை அதன் மேலே எழுதுங்கள். வோல்டேஜ் அளவுகோட்டைச் சமமாகப் பிரித்து வரைந்துவிடாதீர்கள். குமிழைத் திருப்பி, மல்டிமீட்டரில் ஒவ்வொரு வோல்ட்டும் எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்த பின் வரைந்தால்தான் பேனல் காட்டும் எண் நம்பத்தக்கதாக இருக்கும்.

கேள்வி: பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) தயாரிப்பவர்களிடமே பேனலையும் செய்து வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஒரே பேனல் பல எண்ணிக்கையில் தேவைப்படும்போது அதுவே சிறந்த வழி. 1.6 மி.மீ. பலகை சிறிய பேனலுக்குப் போதிய உறுதி தரும். பலகையின் மேற்பூச்சான சோல்டர் மாஸ்க் நிறத்தையும், அதன்மேல் அச்சிடப்படும் சில்க்ஸ்கிரீன் எழுத்தையும் கொடுத்துவிடும். மிக மெல்லிய எழுத்துருக்கள் அச்சில் உடைந்துவிடும் என்பதால் சற்றுத் தடித்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். உலோகத் தகடோ, செம்புப் பரப்புள்ள பலகையோ, எதுவானாலும் வீட்டு மின்சாரத்துடன் நேரடியாக இணையும் கருவியில் அதை எர்த் கம்பியுடன் கட்டாயம் இணைக்க வேண்டும்.