பாட்டுக்குப் பொருள் சொல்லும் பெண்ணை எதில் சேர்ப்பது?

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, பிளஸ் டூ முடித்த மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்தவள். தமிழில் நல்ல மதிப்பெண். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறாள். "தமிழ் படிச்சு என்ன பண்ணப் போறா? மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கித் தர்றேன்" என்கிறாராம் பெரியப்பா. அதற்காக இருக்கிற ஒரே மனையை விற்றுவிடலாமா என்று கேட்டார் அப்பா.

விற்காதீர்கள். எஞ்சினியரிங்கில் முதல் ஆண்டே கணக்கு வரும். அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டர் கட்டணம் நிற்காது. சீட்டு வாங்கித் தருவது பெரியப்பா. நாலு வருஷமும் பணம் கட்டப்போவது நீங்கள். பிள்ளைக்கு விருப்பமே இல்லாத படிப்புக்கு மனையை விற்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேச்சுப்போட்டியில் கடைசியாக என்ன பேசினாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவையறிதல் அதிகாரத்தில் ஒரு குறளைச் சொன்னாள்:

ஒளியார்முன் ஒள்ளிய ராதல் வெளியார்முன்
வான்சுதை வண்ணம் கொளல்.

"அறிவாளிங்க முன்னாடி அறிவாளியா இரு, வெளியார் முன்னாடி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருன்னு அர்த்தம். வெளியார்னா வெளியாளுங்க இல்ல மேடம். விவரம் தெரியாதவங்க, வெள்ளந்தி. அதனாலதான் பின்னாடியே வான்சுதைன்னு வெள்ளைச் சுண்ணாம்பு வருது." சரி, இதையே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வாய் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "பாப்பாகிட்ட பேசுறப்ப நீங்களும் பாப்பா மாதிரியே பேசுவீங்கல்ல, அதான் இது."

அம்மா அப்பா இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல் எந்த இடத்தில் என்ன பொருளில் நிற்கிறது என்று பிடிக்கிறாள். கேட்பவர் யாரென்று பார்த்து மாற்றிச் சொல்கிறாள். இதற்கென்றே படிப்பும் வேலையும் இருக்கின்றன.

பி.எட். முடித்து ஆசிரியர் ஆவது, டி.என்.பி.எஸ்.சி. எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது தரமணியில் இருக்கும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். 1970-இல் தொடங்கியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஏற்போடு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைத் தமிழ் நடத்துகிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்தால் எம்.ஏ. பட்டத்தோடு வெளியே வரலாம். நுழைவுத் தேர்வில் தேறும் 15 பேருக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்து வருகிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். மனை மனையாகவே இருக்கும்.

படித்துவிட்டு எங்கே போவாள்? அகராதித் துறையைச் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கியத்திலிருந்து மேற்கோள் தேடி, பொருள்களைப் பிரித்து அடுக்கிய வேலை அது. சொல் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் அந்த வேலை ஓய்வதில்லை. சென்னையில் தமிழக அரசின் அகரமுதலித் (அகராதி) திட்ட இயக்ககம் 1974-இலிருந்து இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அகராதியியலுக்குத் தனித் துறையே உண்டு. இப்போது கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் நிறுவனங்களுக்கும் இதே கண் வேண்டியிருக்கிறது: 'வெளியார்' இந்த வரியில் யார் என்று சொல்லத் தெரிந்த ஆள். பேச்சுத் திறனும் சேர்ந்தால் வானொலி, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு என்று வழிகள் விரியும்.

தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இராது. அரசுப் பணியிடங்களும் வருஷா வருஷம் வராது. ஆகவே படிக்கும்போதே தட்டச்சும் ஆங்கிலமும் பழகச் சொல்லுங்கள். இந்த இரண்டில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேர்க்கை அறிவிப்பு உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இணையதளத்தில் வரும். உதவித்தொகை, விடுதி விவரத்தை இந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். பெரியப்பாவின் எண்ணைக் கொடுங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.