எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மலச்சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?

இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம், நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை, நார்ச்சத்துப் பொடி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே சிகிச்சைதான், இரண்டரை வருடம் ஆகிறது. எனக்கு அப்போது ஆறு நாள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று கூச்சப்பட்டே நாளைக் கடத்தினேன். நீங்கள் வாய்விட்டுக் கேட்டதே நல்லது.

முதலில் ஒன்று. வாயு பிரிகிறதா? அதுவும் நின்றுபோய், வயிறு உப்பி, வாந்தியோ காய்ச்சலோ கடுமையான வலியோ இருந்தால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அது மலச்சிக்கல் இல்லாமல் குடல் அடைப்பாக இருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நாளைக் கணக்குப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்தச் சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். ஒரு வேளைக்கு நான்கைந்து ஸ்பூன் கஞ்சியும் கொஞ்சம் புரதப் பவுடரும் உள்ளே போனால், வெளியே வர என்ன இருக்கிறது? இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, இளகலாக, முக்காமல் போனால் அது சரிதான். ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாக வருவதும், முக்கி முக்கி ஆசனவாய் கிழிந்து ரத்தம் வருவதும்தான் கவனிக்க வேண்டியவை.

இனி நார்ச்சத்துப் பொடி. நான் செய்த தவறே அதுதான். ஆறாம் நாள் யாரையும் கேட்காமல் இசப்கோல் இரண்டு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலந்தேன். கலக்கிக் கொண்டிருக்கும்போதே கூழாகிவிட்டது. அதை மெல்ல மெல்லக் குடித்து முடித்ததும் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது மாதிரி அடைத்தது. ஒரு மணி நேரத்தில் பாதி வாந்தியாக வந்தது, மீதி உள்ளே போய் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மறுநாள் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "நேத்து முழுக்க எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" கூட்டிப் பார்த்தால் 600 மில்லி கூட இல்லை. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சித்தான் வேலை செய்யும். உடம்பிலேயே தண்ணீர் இல்லாதபோது அதைப் போட்டால் சிமென்ட் மாதிரிதான். மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, குடல் அதிலிருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும்.

ஆகவே தண்ணீர் முதலில், நார்ச்சத்து அப்புறம். ஆனால் குட்டி வயிற்றில் ஒன்றரை இரண்டு லிட்டர் எப்படிப் போகும்? இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 30 மில்லி மூடியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு மூடி, மடக்கென்று விழுங்காமல் உறிஞ்சி உறிஞ்சி. மணிக்கு 180 மில்லி, ஒன்பது மணி நேரத்தில் 1,600 தாண்டிவிடும். மொபைலில் அலாரம் வைத்தேன். வெறும் தண்ணீர் குமட்டியபோது நீர்மோர், தெளிந்த ரசம், சீரகத் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. சாப்பாட்டோடு மட்டும் குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும்.

அடுத்தது மாத்திரைகள். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் வயிற்றைக் கட்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரை குடலையே மந்தமாக்கும், வாந்திக்குக் கொடுக்கும் ஓன்டன்செட்ரானும் அப்படித்தான். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். எனக்குக் கால்சியம் கார்பனேட்டை சிட்ரேட்டாக மாற்றினார்கள், இரும்பு மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். இரும்பு சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போவது இயல்பு. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் அது உள் ரத்தக்கசிவாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

அன்று என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, ஒரு கரண்டி வெளக்கெண்ணெய குடி, எல்லாம் எளகிரும்" என்று கெஞ்சாத குறை. பிள்ளை பெற்ற உடம்புக்கு அவள் கொடுத்துப் பழகிய மருந்து, பாசத்தில் சொன்னாள். ஆனால் அது குடலை முறுக்கிப் பேதியாக்கும், இருக்கும் கொஞ்ச நீரும் போய்விடும். நிலாவாரைச் சூரணமும் அப்படித்தான், புதுத் தையல் ஆறும் காலத்தில் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். எனக்கு அவர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வந்து மலத்தை இளக்கும் மருந்து. இரண்டாம் நாள் காலையில் வலியில்லாமல் போனது. அன்று நான் அழுதேவிட்டேன்.

கெட்டி உணவுக்கு வந்தபின் முதலில் முட்டையோ மீனோ, அப்புறம் குழைய வெந்த பீர்க்கங்காய், சுரைக்காய், நாலு துண்டு பப்பாளி. இதெல்லாம் டயட்டீஷியன் சொல்லும் வரிசையில்தான்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. பெல் அடித்துவிடுமே என்று காலையில் வரும் உணர்ச்சியை அடக்குவது இருபது வருடப் பழக்கம். அதை விட்டதுதான் பெரிய மாற்றம். இப்போது அரை மணி முன்னாடியே எழுந்து, வெந்நீர் உறிஞ்சி, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கிறேன். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் ஒரு குட்டி முக்காலி, முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. மொபைல் உள்ளே வராது.

எடைக்குறைப்புக்கு ஸ்லீவ் இல்லாமல் இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குத் தலைகீழாகவும் நடக்கலாம். இனிப்பு சாப்பிட்டதும் படபடப்பு, வியர்வை, பேதி, அல்லது எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம். அதற்கு வைத்தியம் வேறு, என் அனுபவம் உதவாது.

நாளைக் காலையில் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகப் போன தேதி, கெட்டியா இளகலா, நேற்றுக் குடித்த தண்ணீர் எத்தனை மில்லி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர். என்னிடம் அவர்கள் கேட்டது இவ்வளவுதான், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதற்காகத்தான் ஆறு நாள் தயங்கினேன்.