திருப்பி அனுப்பிய வாட்ச் போய்ச் சேரவில்லை: கேள்வி பதில்

சென்னையில் ஒரு கார்கோ ஏஜென்ட் அலுவலகத்தில் பதினோரு வருடம் பில் போட்டவன் நான். மிச்ச நேரமெல்லாம் வாட்ச் பைத்தியம். அதனால் "வாட்சைத் திருப்பி அனுப்பினேன், வழியில் காணோம்" என்கிற புலம்பல் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் டூப்ளிகேட் வாட்ச் சமாச்சாரம். திட்டாமல் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

கோவையிலிருந்து: அண்ணா, ஆன்லைனில் ஒரு ஃபர்ஸ்ட் காப்பி ரோலக்ஸ் வாங்கினேன், 18,000 ரூபாய். மூன்றே வாரத்தில் சாவி கொடுக்கும் குமிழ் கையோடு வந்துவிட்டது. விற்றவன் சீனாவின் குவாங்சோ முகவரி ஒன்றைக் கொடுத்து, "பொம்மை, 10 டாலர்" என்று எழுதி அனுப்பச் சொன்னான். தபாலில் அனுப்பினேன். ஐந்து வாரமாக டிராக்கிங் நகரவில்லை. "எனக்கு வரவில்லை, பணம் கிடையாது" என்கிறான். என்ன செய்வது?

தம்பி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வாட்ச் வந்தபோது நீங்கள் பெறுநர். திருப்பி அனுப்பும்போது நீங்கள்தான் அனுப்புநர். புகார் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான், அதுவும் பார்சல் புக் செய்த தபால் நிலையத்தில். ரசீதில் உள்ள 13 இலக்க எண்ணைப் பாருங்கள்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் இரண்டு எழுத்து. அந்தக் கடைசி இரண்டு எழுத்து பார்சல் கிளம்பிய நாட்டைச் சொல்லும். 'ஐஎன்' (இந்தியா) என்று முடிந்தால் அதுதான் உங்கள் எண். நிறையப் பேர் பதற்றத்தில் 'சிஎன்' (சீனா) என்று முடிகிற பழைய எண்ணையே தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது வாட்ச் வந்த கதை, போன கதை இல்லை.

பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும், அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோரலாம். இது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. ஈஎம்எஸ் (வெளிநாட்டு விரைவுத் தபால்) ஆக இருந்தால் கெடு அதைவிடக் குறைவு, அதனால் நாளைக்கே போங்கள்.

இனி கசப்பான பகுதி. அதே ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் போலிச் சரக்கு, தபாலில் அனுப்பக் கூடாத பட்டியலில் இருக்கிறது. உள்ளே இருந்த பொருளுக்காகச் சுங்கத்துறை பிடித்து அழித்துவிட்டால் தபால் துறைக்குப் பொறுப்பே கிடையாது. நிஜமாகவே தொலைந்திருந்தாலும், நீங்கள் உங்கள் கையாலேயே 10 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். 18,000 ரூபாய் என்று எந்த முகத்தோடு கேட்பீர்கள்? விற்றவன் அப்படி எழுதச் சொன்னது உங்கள் நன்மைக்கு இல்லை, தனக்கு அங்கே வரி விழக் கூடாது என்பதற்கு.

பணம் கார்டில் கட்டியிருந்தால் அடுத்த பதிலைப் பாருங்கள். யூபிஐயிலோ கிரிப்டோவிலோ கொடுத்திருந்தால், சாரி தம்பி.

சிங்கப்பூரிலிருந்து: கிட்டத்தட்ட என் கதையும் அதேதான். ஆனால் 'ஒரிஜினல், யூஸ்டு' என்று சொல்லி ஏமாற்றிவிட்டான் சார். விசா கார்டில் கட்டினேன். திருப்பி அனுப்பினால்தான் பணம் என்கிறான்.

அனுப்பாதீர்கள்! உங்கள் கேஸ் கோவைத் தம்பியின் கேஸ் இல்லை. அவர் தெரிந்தே வாங்கினார், நீங்கள் ஏமாந்தீர்கள். வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார். விசாவில் போலிச் சரக்குக்கென்றே தனிக் காரணக் குறியீடு இருக்கிறது, 13.4. பொதுவாக 120 நாள் அவகாசம். தேவைப்படுவது, இது போலி என்று அந்த பிராண்டோ, சுங்கத்துறையோ, நடுநிலையான ஒரு நிபுணரோ எழுதிக் கொடுத்த காகிதம். மூடியைத் திறந்து மெஷினைப் படமெடுத்து, வாட்ச்காரரின் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி வாங்குங்கள். போலி என்று உறுதியான பொருளை எல்லை தாண்டி அனுப்பினால் நீங்களே அதை ஏற்றுமதி செய்தவர் ஆகிவிடுவீர்கள். போகிற வழியில் தொலைந்தால் பணமும் போகும், கையிலிருக்கும் சாட்சியும் போகும். ஏமாற்றுக்காரன் திருப்பி அனுப்பச் சொல்வதே பல நேரம் அந்தச் சாட்சியை உங்கள் கையிலிருந்து பிடுங்கத்தான்.

பாரிஸிலிருந்து: அண்ணை, நான் லா சப்பலில இருக்கிறன். திருப்பி அனுப்பின டூப்ளிகேட் மணிக்கூடு இங்கத்தைய சுங்கத்திலேயே பிடிபட்டிட்டுது. கடிதம் வந்திருக்கு. பேசாம விடலாமோ?

விடாதீர்கள். பிரான்ஸ் இந்த விஷயத்தில் மகா கறார். அங்கே போலியை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே சுங்கக் குற்றம். சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, பொருளின் மதிப்பில் இரண்டு மடங்கு வரை அபராதம். அந்த மதிப்பை நீங்கள் கொடுத்த 150 யூரோவை வைத்துப் போட மாட்டார்கள், அசல் வாட்சின் விலையை வைத்துப் போடுவார்கள். ஒற்றை வாட்சுக்கு யாரையும் ஜெயிலில் போடப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் பதிலை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். பார்சல் தொலைந்துவிட்டது, இழப்பீடு தா என்று தபாலில் புகார் போட்டிருந்தால் அதைத் தொடர வேண்டாம். ஒரு பக்கம் பிடிபட்ட கடிதம், மறுபக்கம் தொலைந்த புகார் என்றால் நன்றாக இருக்காது.

மதுரையிலிருந்து: கூரியரில் அனுப்பினால் இன்சூரன்ஸ் கிடைக்குமே?

பில்லில் 'டிக்ளேர்டு வேல்யூ' (நீங்கள் அறிவித்த மதிப்பு) என்று இருப்பது இன்சூரன்ஸ் இல்லை, கூரியர் எவ்வளவு வரை பொறுப்பேற்கும் என்கிற உச்சவரம்பு. நகை, வாட்சுக்கு அந்த உச்சவரம்பைப் பல கம்பெனிகள் மிகக் குறைவாக வைத்திருக்கும். சிலர் எடுக்கவே மாட்டார்கள்.

எதுவும் அறிவிக்காமல் அனுப்பினால்? விமானச் சரக்குக்கான 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (2024 டிசம்பர் 28க்கு முன் 22). எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பெட்டியோடு உங்கள் வாட்ச் 400 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10.4 எஸ்டிஆர், அதாவது ஏறக்குறைய 14 டாலர். எடைக்குப் பணம் தருகிற சட்டத்தில் வாட்ச் வைத்திருப்பவனுக்கு நஷ்டம்தான். கல் உரல் அனுப்பினால் லாபம்.

அதே மதுரை: ஒரிஜினல் என்று சொல்லி முழு விலைக்கு கிளெய்ம் போட்டால்?

மோசடி. அசல் பில் கேட்பார்கள், சீரியல் நம்பர் கேட்பார்கள். அடுத்த கேள்வி.

திருச்சியிலிருந்து: பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் உள்ளே வாட்ச் இல்லை என்கிறார்கள். இது ஒரிஜினல் சீகோ வாட்ச், சர்வீஸுக்கு அனுப்பியது. யார் பொய் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கே நடந்தது. ஒரு குரோனோகிராஃபை (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) வெளிநாட்டுக்கு சர்வீஸுக்கு அனுப்பினேன். அங்கே பெட்டியைத் திறந்தால் பபிள் ராப் மட்டும் சுருட்டியபடி இருந்ததாம். அவர்கள் என்னைச் சந்தேகப்பட, நான் அவர்களைச் சந்தேகப்பட, பத்து நாள் மெயிலிலேயே சண்டை. அப்புறம்தான் பழைய தொழில்புத்தி வேலை செய்தது. என் புக்கிங் ரசீதில் 412 கிராம். பெட்டியின் மேல் வழியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 230. பெட்டியின் அடியில் என் பிரவுன் டேப்புக்கு மேலே யாரோ கொஞ்சம் வெளிர் நிறத்தில் இன்னொரு டேப்பை ஒட்டியிருந்தார்கள். போட்டோவைப் பெரிதாக்கினால்தான் தெரிந்தது. அந்த எடை வித்தியாசத்தை வைத்துத்தான் இழப்பீடு வாங்கினேன்.

ஆகவே அந்தக் கடையிடம் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆறு பக்கமும் போட்டோ, ஸ்டிக்கர் எல்லாம் தெரிகிற மாதிரி. ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருந்தால் பெரும்பாலும் அவர்களுடைய டேப்போ முத்திரையோ இருக்கும்.

லண்டனிலிருந்து: இங்கேயே ஒரு ஆன்லைன் கடையில் புது வாட்ச் வாங்கி, பிடிக்காமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன். "கைக்கு வந்தால்தான் ரீஃபண்ட்" என்கிறார்கள். சரியா?

சரியில்லை. பிரிட்டனின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளில், பொருள் கைக்கு வந்த நாள் அல்லது நீங்கள் அனுப்பிய சான்று கொடுத்த நாள், இதில் எது முந்தியதோ அதிலிருந்து 14 நாளில் பணம் தர வேண்டும். தபால் ரசீதைப் படமெடுத்து மெயிலில் அனுப்பி, அந்த 2013 விதியைக் குறிப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு.

நாகர்கோவிலிலிருந்து: என்னிடம் இருக்கும் டூப்ளிகேட்டைத் திருப்பி அனுப்பாமல் யாருக்காவது விற்றுவிடலாமா?

கூடாது. 1999 வணிகக் குறிச் சட்டத்தில் போலியை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். உள்ளூர்க் கடையில் இருநூறு முந்நூறு கொடுத்துக் குமிழை மாற்றி, சொந்தக் கையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். அந்த டிசைன்தான் பிடிக்கும் என்றால், அதே சாயலில் தன் சொந்தப் பெயர் போட்டு விற்கிற கம்பெனிகள் இருக்கின்றன. 'ஹோமேஜ்' என்பார்கள். அடுத்தவன் பெயரும் முத்திரையும் அதில் இருக்காது. கெட்டுப்போனால் தைரியமாகத் திருப்பி அனுப்பலாம்.

சேலத்திலிருந்து: அப்பாவின் பழைய ஒமேகாவை வெளிநாட்டுக்கு சர்வீஸுக்கு அனுப்பப் போகிறேன். இதையெல்லாம் படித்தபின் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது. அனுப்புவதற்கு முன் மெஷின் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பெட்டி ஒட்டும்போது தராசின் மேல் வைத்து வீடியோ எடுங்கள். படிவத்தில் 'பழுது பார்த்துத் திரும்ப வரும் பொருள்' என்று எழுதி, உண்மையான மதிப்பைப் போடுங்கள். ஏற்றுமதிக் காகிதம் கையில் இருந்தால், திரும்பி வரும்போது முழு விலைக்கு வரி கட்ட வேண்டாம். பழுது பார்த்த கூலி, பாகங்கள், போக வர ஆன செலவு, இன்சூரன்ஸ், இதற்கு மட்டும்தான். 45/2017 சுங்க அறிவிக்கை என்று ஏஜென்டிடம் சொன்னால் புரியும்.

ஸ்ட்ராப்பைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அப்பா கட்டிய ஸ்ட்ராப் என்றால் கண்டிப்பாக.