நெஞ்சில் ஏறி அமுக்குவது பேய் இல்லை, தம்பி

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்ட அதிகாலை 3 மணிக்கு எழும்புவதாகவும், திரும்பி வந்து கண்ணயர்ந்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருவதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் இருந்தது. அமுக்குவான் பேய் என்று வீட்டில் கயிறு கட்டினார்கள்.

கனவு வரும் உறக்கத்தில் நாம் கை கால் வீசிவிடாதபடி மூளையே தசைகளைத் தளர்த்தி வைக்கும். அது விலகுமுன் விழிப்பு வந்தால் உடல் அசையாது, கனவின் மிச்சம் கண்முன் நிற்கும். ஆனால் மூச்சு நிற்காது, அதை நம்புங்கள். சில நொடியில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும். கத்த முயலாமல் கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

மல்லாந்து படுக்காதீர்கள். மழையால் வெட்டு இல்லாத நாளிலும் இரவு ஒரே நேரத்தில் படுங்கள். அப்புறம், பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்தாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்.